எண் இல்லாத எட்டாவது வட்டம்

மைசூரில் கைபேசி வைத்திருந்தும் அதில் ஒரு படம், ஒரு பாட்டு, காலை வணக்கம் சொல்லும் ஒரு ரோஜாப்பூகூடப் பார்க்காத ஒரே மனிதர் டவர்தான். அவர் பார்த்தது வேகத்தை மட்டும். மற்றவர்கள் சாலையில் ஏறி எங்காவது போவார்கள். அவர் சாலையின் அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. நஜர்பாத்தில் ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வீடுகள், ஒரு குழாய், ஒரு துவைக்கும் கல், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கழிப்பறை. மைசூரில் இப்படிப்பட்ட இடத்தை ‘வட்டாரா’ என்பார்கள். அதில் ஆறாவது வீடு அவருடையது. நான் இரண்டாவது வீட்டில் இருந்துகொண்டு ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

டவருக்கு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் வேலை. நாள் முழுக்க இரும்பு வளையங்களை அளந்து, தேறாததன் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட வேண்டும். வேலை முடிந்து வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. முற்றத்தில் ஏழு இடங்களில் வட்டம் போட்டு, ஒன்று முதல் ஏழு வரை எண் எழுதினார். காலை ஏழு மணிக்குக் கைபேசியை ஆரத்தித் தட்டு போல ஏந்தி ஒவ்வொரு வட்டத்திலும் நிற்பார். திரையில் இணைய வேகம் வரும். நோட்டில் எழுதுவார். அடுத்த வட்டம். ஏழு இருபதுக்குத் தெருமுனையில் கம்பெனி பஸ். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை என்பதால் அன்று மணிக்கொரு முறை இந்த ஊர்வலம் நடக்கும்.

அந்த நோட்டு எங்கள் அலுவலகக் கோப்புகளைவிட ஒழுங்காக இருந்தது. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை இல்லை.

எங்கள் வீட்டு ஓனரம்மா கன்னடக்காரர். குடித்தனக்காரர்களிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றவர். நான்காவது வட்டம் அவருடைய வாசலுக்கு நேர் எதிரே விழுந்தது.

“ஏன்ப்பா டவரு, என் ரங்கோலி பக்கத்திலே இது ஏன்? யாராவது நடுவிலே குங்குமா வெச்சு கைமுகிஞ்சு கும்பிட்டுட்டு போவாங்க, நோடு!”

“வெச்சுக்கட்டுங்க அம்மா. வட்டத்தை மட்டும் நகத்திப்புடாதீங்க.”

துவைக்கும் கல்லுக்குப் பின்னால், சுவரோரமாக எட்டாவதாக ஒரு வட்டமும் இருந்தது. அதற்கு மட்டும் எண் இல்லை. அங்கே அவர் அளந்தும் நான் பார்த்ததில்லை. ஒருநாள் கேட்டேன்.

“அது கணக்குல இல்லீங்க” என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினார். நான் இரண்டாவது கேள்வி கேட்டிருக்க வேண்டும். என் தொழிலே அதுதான். கேட்கவில்லை.

மூன்றாவது வீட்டில் மாரி என்ற கொத்தனார். அவரும் டவரும் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக்காரர்கள். மாரியின் மகள் திவ்யா டிப்ளமோ முடித்திருந்தாள். தமிழைவிடக் கன்னடம் அவளுக்கு நன்றாக வரும். ஓசூரில் ஒரு கம்பெனி வேலைக்கு அவள் மனுப் போட்டிருந்தாள். நேர்காணல் கைபேசியில் வீடியோ வழியாக என்றார்கள். மாரி தெளிவாகச் சொல்லியிருந்தார்: இது கிடைக்காவிட்டால் அடுத்த திங்கள்கிழமையிலிருந்து துணி தைக்கும் தொழிற்சாலை. படித்த படிப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டியதுதான்.

அதற்காக ஒரு கைபேசி வாங்க டவரை அழைத்துக்கொண்டு போனார்கள். மாரி தைரியத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். டவர் கையில் ஒரு கனத்த துணிப்பை இருந்தது.

கடைப்பையன் உற்சாகமாக ஆரம்பித்தான். “கேமராவைப் பாருங்க சார். நிலாவை ஜூம் பண்ணினா பள்ளம்கூடத் தெரியும்.”

“நிலாவுல டவரு இருக்குதுங்களா?”

“இல்ல சார்.”

“அப்புறம் அங்கெதுக்குங்க போவோணும்? சிக்னலு எப்படிப் புடிக்கும், அதைச் சொல்லுங்க.”

“பாக்ஸ்ல போட்டிருக்கும் சார்.”

“பாக்ஸ்ல எல்லாத்துக்கும் நல்லபடியாத்தானுங்க போட்டிருக்கும்.”

துணிப்பையிலிருந்து ஒரு பிரஷர் குக்கர் வெளியே வந்தது. ஓனரம்மாவுடையது, ஐந்து லிட்டர். கைபேசியை உள்ளே வைத்து, மூடியைப் பூட்டி, வெளியிலிருந்து அந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும். அதுதான் சோதனை. கடைப்பையன் கூரையை அண்ணாந்து பார்த்தான். எங்கேயாவது ஒளித்துவைத்த கேமராவில் தன்னைப் படம் பிடிக்கிறார்களோ என்ற சந்தேகம்.

“பூட்டுன குக்கருக்குள்ள அடிக்கிற போனு, எந்தச் சந்துலயும் அடிக்குமுங்க” என்றார் டவர்.

மூன்று கைபேசிகள் தேறவில்லை. நான்காவது, யாருமே வாங்காத ஒரு கத்தரிப்பூ நிறக் கைபேசி, உள்ளேயிருந்து கணீரென்று அடித்தது. அதன் கேமராவில் எடுத்த படத்தில் இருப்பது மாரிதான் என்று மாரி சொல்லித்தான் தெரிந்தது.

“அய்யோ அங்கிள், இது சென்னாகில்லா!” என்று திவ்யா முகம் சுளித்தாள்.

“அழகு பாக்கக் கண்ணாடி வாங்கிக்க தாயி. இது பேசறதுக்கு.”

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என் கைபேசியையும் கடைசியில் குக்கருக்குள் போட்டிருந்தார். அதை எடுக்க மறந்து குக்கரை ஓனரம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அலமாரியில் இருந்த குக்கர் பாடியது. விசில் வராத குக்கர்களை ஓனரம்மா நிறையப் பார்த்திருக்கிறார். அடுப்பில் ஏறாமலே பாடும் குக்கர் அவருக்குப் புதிது. அழைத்தது என் செய்தி ஆசிரியர்.

“உங்க ரிப்போர்ட்டரு போன் என் குக்கர்லே இருக்குதுரீ. அவரு எங்கேன்னு கொத்தில்லா” என்று ஓனரம்மா பதில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பின் ஒரு மாதம் செய்தி ஆசிரியர் என்னிடம் பேசும்போதெல்லாம் குரலில் ஒரு இரக்கம் இருந்தது.

கைபேசி வாங்கியவர்களுக்கு டவர் பாடமும் எடுப்பார். கேட்காதவர்களுக்கும் உண்டு. “சிக்னல் கோடு அஞ்சும் நிக்குதே அண்ணா, அப்புறம் ஏன் சுத்துது?” என்று மாரி ஒருமுறை வாயைத் திறந்துவிட்டார்.

“கோடு நிக்குதுன்னா டவரு உன்னைப் பாத்துட்டுதுன்னு அர்த்தம் மாரி. உங்கூடப் பேசும்னு அர்த்தமில்ல.”

எனக்கும் என் செய்தி ஆசிரியருக்கும் இருந்த உறவை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

“அப்ப 5ஜி?”

“அது பெங்களூருக்குப் போட்ட புது ரோடு மாதிரி. நல்ல அகலந்தான். ஆனா ஊர்ல இருக்குற வண்டியெல்லாம் அதுலயே ஏறுனா நகர முடியுமா? அன்னைக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குள்ள போற பழைய ரோட்டுல நாய் படுத்துத் தூங்கிட்டு இருக்கும்.”

இவ்வளவு தெரிந்தவர் தன் சொந்தப் பேச்சுக்கு வைத்திருந்தது பொத்தான் வைத்த ஒரு பழைய போன். பின்மூடி கழன்றுவிடாமல் இருக்க எலெக்ட்ரிக் டேப் சுற்றியிருக்கும். வலது பையில் அளக்கிற கைபேசி, இடது பையில் இது.

“ஊருக்கெல்லாம் குக்கர் வெச்சு போன் வாங்கித் தர்றீங்க, நீங்க மட்டும் டார்ச் லைட்ல பேசுறீங்களே அங்கிள்!” என்பாள் திவ்யா.

“டார்ச்சு நல்லா எரியுதில்ல தாயி” என்பார். அத்துடன் விசாரணை முடிந்துவிடும்.

நேர்காணல் தசராவுக்கு நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி என்று தகவல் வந்தது. அரண்மனையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருப்பவர்களுக்குத் தசரா என்றால் என்னவென்று தெரியும். நாட்டின் பாதிப் பேர் எங்கள் தெருவில் நின்று, தாங்கள் மைசூரில் நிற்பதைப் படம் பிடித்து மீதிப் பாதிக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

டவர் மூன்று நோட்டுகளைப் புரட்டித் தீர்ப்புச் சொன்னார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு முற்றத்திலேயே அதிக வேகம் ஏழாவது வட்டத்தில். ஏழாவது வட்டம் இருந்தது கழிப்பறைக் கதவுக்கு நேர் முன்னால்.

பத்தரை மணிக்குக் கழிப்பறை மூடப்பட்டது. கதவின்மேல் மயில் போட்ட படுக்கை விரிப்பு தொங்கியது. ஆறு வீட்டிலும் கைபேசி இணையத்தை அணைக்கச் சொல்லி டவர் வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்தார்.

“எஷ்டு நேரம்ப்பா இது?” என்றார் ஓனரம்மா, மயிலைப் பார்த்தபடி.

“பன்னெண்டு மணி வரைக்குங்க. அதுக்குள்ள யாரும் தண்ணி குடிக்காதீங்க.”

பதினோரு மணிக்கு மூன்று அதிகாரிகள் திரையில் வந்தார்கள். அவ்வளவு தெளிவு. ஒருவர் டீயில் பிஸ்கட்டை முக்கியதும், அது பாதியில் உடைந்து விழுந்ததும்கூடத் தெரிந்தது. டவர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் மூன்று நோட்டுகளின் கனம் இருந்தது.

திவ்யா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். அதிகாரிகள் காத்திருந்தார்கள். மறுபடி சொன்னாள். பிஸ்கட்காரர் திரைக்கு அருகே குனிந்தார்.

“உங்க படம் அப்படியே நிக்குதும்மா. குரலும் வரலை. அஞ்சு நிமிஷம் பார்க்கிறோம், இல்லைன்னா அடுத்தவரைக் கூப்பிட்டுடுவோம்.”

டவர் தன் கைபேசியை எடுத்து ஏழாவது வட்டத்தில் நின்று அளந்தார். ஐம்பத்தெட்டு. வழக்கமாக அந்த எண்ணைக் கண்டதும் அடுத்த வட்டத்துக்கு நகர்ந்துவிடுவார். அன்று நகரவில்லை. பத்து விநாடி கழித்து அதற்குக் கீழே இரண்டாவது எண் ஒன்று வந்தது. அரைகூட இல்லை.

அவர் துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“வர்றதை மட்டுமே எழுதியிருக்கேனுங்க” என்றார் என்னிடம். “போறதை எழுதவே இல்லீங்க.”

நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். உண்மை. ஏழு வட்டம், இருபது நிமிடம், பிறகு பஸ். இரண்டாவது எண்ணுக்குக் காத்திருந்தால் பஸ் போய்விடும்; பஸ் இல்லாத வெள்ளிக்கிழமையும் கால் அதே பழக்கத்தில் நகர்ந்திருக்கிறது. உலகம் எங்கள் முற்றத்துக்கு எவ்வளவு வேகமாக வந்து சேருகிறது என்று மூன்று நோட்டு நிறைய எழுதியவர், எங்களிடமிருந்து ஏதாவது வெளியே போகிறதா என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்களிடமிருந்து அனுப்ப என்ன இருந்தது?

“அவ்வளவுதானா அண்ணா?” என்றார் மாரி. திவ்யா முகப்பூச்சு கலைந்துவிடாமல் அழ முயன்றுகொண்டிருந்தாள்.

டவர் எழுந்தார். இடது பையிலிருந்து பொத்தான் போனை எடுத்தார். “தாயி, இந்த நம்பரை அவங்களுக்கு எழுதி அனுப்பு. இதுல கூப்புடச் சொல்லு. எழுத்து சின்னது, எப்படியாச்சும் நுழைஞ்சு போயிரும்.”

“நெட்வொர்க்கே இல்லல்ல அங்கிள்!”

“புது ரோட்டுலதான் இல்ல. இது பழைய ரோடு. இன்னைக்குக் காலியாக் கெடக்கும்.”

அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் துவைக்கும் கல்லுக்குப் பின்னால், எண் இல்லாத எட்டாவது வட்டத்தில் நிறுத்தினார். இரண்டு நிமிடத்தில் டேப் சுற்றிய போன் அடித்தது.

திவ்யா சுவரைப் பார்த்தபடி அரை மணி நேரம் பேசினாள். ஆங்கிலம், தமிழ், வேகம் கூடியபோது கொஞ்சம் கன்னடம். நாங்கள் எல்லோரும் மயில் விரிப்புக்கு முன்னால் மூச்சைப் பிடித்து நின்றோம். ஓனரம்மாவுக்கு அதற்கு வேறு காரணமும் இருந்தது.

பதினொன்றரைக்கு ஒரு சின்ன ‘பீப்’. திவ்யா போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். பிறகு டவரைப் பார்த்தாள். வேறு யாரோ அந்த எண்ணுக்கு அழைக்கிறார்கள். டவர் கையை அசைத்தார்: விடு, பேசு. அது நின்று மறுபடி வந்தது. மூன்று முறை. மூன்று முறையும் அவர் கையை அசைத்தார். மூன்றாவது முறை அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மாரி என் காதருகே சொன்னார்: “அது அவங்க ஊட்டுக்காரம்மா சார். ஊர்ல, மார்டள்ளியில இருக்காங்க. அங்க ஊட்டுக்குள்ள சிக்னலே சரியில்ல. அடுப்படியில நின்னா கர்நாடகா, மாட்டுக்கொட்டாயில நின்னா தமிழ்நாடுன்னு காட்டும். வெள்ளிக்கிழமை வேலையை முடிச்சுட்டு மேட்டுக்கு ஏறி வந்து கூப்புடும். இப்ப விட்டா அடுத்த வெள்ளிதான்.”

எட்டாவது வட்டம் ஏன் கணக்கில் இல்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. அங்கே ஒரு குரல் வந்தால் அவருக்குப் போதும். எவ்வளவு வேகத்தில் வந்தது என்று அவர் அளக்க விரும்பவில்லை.

பத்து நாளில் திவ்யாவுக்கு உத்தரவு வந்தது. அன்று பேசியவர்களிலேயே அவளுடைய லைன்தான் மிகத் தெளிவாக இருந்தது என்று பிஸ்கட்காரர் பாராட்டியதாகச் சொன்னாள். அந்தக் கத்தரிப்பூ நிறக் கைபேசிதான் காரணம் என்று டவர் யாரிடமும் வாதாடவில்லை. நோட்டில் மட்டும் ‘போறது’ என்று இன்னொரு பத்தியைக் கோடு போட்டுச் சேர்த்தார். பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்கப் பத்து நிமிடம் முன்னதாக எழ ஆரம்பித்தார்.

நேர்காணலுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, பதினொன்றரை மணிக்கு, நாங்கள் எல்லோரும் குழாயடியில் ஏதோ வேலை இருப்பதுபோல நின்றோம். அவர் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“மூணு தடவ அடிச்சது தெரியும் புள்ள. எண்ணிக்கிட்டுத்தான் நின்னேன்.”

இப்போது ஓய்வு பெற்று மார்டள்ளிக்கே போய்விட்டார். வெள்ளிக்கிழமை அவரே மேட்டுக்கு ஏறுகிறார். பதினொன்றரைக்கு நான் கூப்பிடுகிறேன். என்னைச் சவுக்கியமா என்று அவர் இன்றுவரை கேட்டதில்லை.

“நாலாம் வட்டத்துல எவ்வளவுங்க காட்டுது?”

“நாற்பத்தொன்று.”

“போறது?”

“பதினெட்டு.”

“பரவால்லீங்க” என்பார், ஒரு பெருமூச்சோடு.

ஓனரம்மா போன வருடம் முற்றம் முழுக்க டைல்ஸ் போட்டுவிட்டார். அங்கே இப்போது ஒரு வட்டமும் இல்லை; அதை அவரிடம் நான் சொல்லவில்லை. பத்திரிகைத் தொழிலில் இத்தனை வருடத்தில் தெரிந்தே ஒரு எண்ணையும் நான் தப்பாகக் கொடுத்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இரண்டு கொடுக்கிறேன்.