எட்டாவது ஆளாக என்னை இறக்கிய நாள்

பயந்தவன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பந்துக்குப் பயம். ஒருமுறை பல்லில் பட்டவனுக்குத்தான் அது விளங்கும். ஊரில் கிரிக்கெட் விளையாடியபோது என்னைப் பதினோராவது ஆளாகத்தான் இறக்குவார்கள். பெரும்பாலும் என் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

பந்து போடவும் விடமாட்டார்கள். என் கை மடங்குகிறதாம். "எறியிறான், எறியிறான்" என்று கத்துவார்கள்.

எண்பதுகளின் கடைசியில் லண்டனுக்கு வந்தேன். மோர்டனில் ஒரு அறை. ஒரு அமெரிக்கக் கம்பனியின் களஞ்சியத்தில் பெட்டி தூக்கும் வேலை. தற்காலிக வேலைதான். மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். வேலை நிரந்தரமானால்தான் அவளைக் கூப்பிடலாம். எனக்கு வேறு யோசனையே இல்லை.

மனேச்சர் பில் ஒரு அமெரிக்கர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆள். களஞ்சியத்துக்கென்று ஒரு பேஸ்போல் அணி வைத்திருந்தார். ஒருநாள் மேல்தட்டில் நின்றவனுக்கு நான் டேப் உருளையை எறிந்ததைக் கண்டார். அன்றே என்னை அணியின் பந்து எறிபவன் ஆக்கிவிட்டார். (ஊரில் குற்றம். இங்கே பதவி.)

எறிவது சுகம். ஆனால் அந்த விளையாட்டில் எறிகிறவனும் மட்டை பிடிக்க வேண்டும்.

எனக்கு வேலை எடுத்துத் தந்த தேவன் அண்ணைதான் பில்லுக்குப் பக்கத்தில் நின்று திட்டம் போடுபவர். கம்பனியின் இன்னொரு கிளையோடு போட்டி வந்தது. அவரிடம் கெஞ்சினேன்.

"அண்ணை, என்னைக் கடைசியாப் போடுங்கோ."

"கடைசி எண்டா ஒன்பது. உன்னை எட்டில போடுறம்."

"ஏன் அண்ணை?"

"நீ எப்பிடியும் அவுட். உனக்குப் பிறகு, ஒன்பதில, ஓடக்கூடிய ஒருத்தனை விட்டா அவன் போய் மூலையில நிப்பான். பிறகு முதலாம் ஆள் வந்து அடிக்க அவன் மற்ற மூலையளையும் சுத்தி ஓடி வருவான், ஒரு ஓட்டம். விளங்குதோ?"

"முதலாம் ஆள் திரும்ப வருவானோ?"

"வட்டமாச் சுத்துமடா. எல்லாருக்கும் திரும்ப வரும்."

"அவுட்டான ஆளுக்குமோ?"

"ஓமடா."

அவுட்டானாலும் ஆளை விடாத ஒரு விளையாட்டை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

"வெண்டா பில் உன்னை நிரந்தரமாக்குவார். தோத்தா எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அண்ணை தேத்தண்ணி குடிக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை, பார்க்கில் போட்டி. நன்றாகவே எறிந்தேன். மட்டை பிடிக்கும் முறை வந்தபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கல்லுப்போல நின்றேன். மூன்று பந்து போனதும் வெளியே போகச் சொன்னார்கள். சந்தோஷமாகப் போனேன். அண்ணையின் திட்டமும் பலித்தது. எனக்குப் பின்னால் வந்தவன் ஓடி ஓடி ஓட்டம் சேர்த்தான்.

கடைசிச் சுற்று. எங்களுக்கு ஒரு ஓட்டம் குறைவு. எங்கள் ஆள் ஒருவன் மூன்றாவது மூலையில் நிற்கிறான். இன்னும் ஒருவர் அவுட்டானால் தோல்வி. முறை சுற்றிக்கொண்டு வந்து என்னிடம் நின்றது. மாற்றி இறக்க வேறு ஆளும் இல்லை.

"பட்டா ஓடு! மரம் மாதிரி நிக்காத!" என்று அண்ணை கத்தினார்.

மனைவி லொட்ஜ் கட்டிலில் இருப்பது கண்ணுக்குள் வந்தது. எறிபவன் கையைத் தூக்கினான். கண்ணை மூடி வீசினேன்.

பட்டது. அந்தச் சத்தத்துக்கே பாதி உயிர் போய்விட்டது.

ஓடினேன். மட்டையைப் போட்டுவிட்டு வலப்பக்கம் ஓட வேண்டும் என்பதைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பயம் வந்ததும் கால் ஊர்க் கிரிக்கெட் கால் ஆகிவிட்டது. மட்டையையும் தூக்கிக்கொண்டு நேரே ஓடினேன், பந்து எறிந்தவனை நோக்கி.

பந்து அவனிடம்தான் உருண்டு போயிருந்தது. குனிந்து எடுத்தான். நிமிர்ந்து என்னைக் கண்டான். பந்தைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினான். ஏன் ஓடுகிறான் என்று எனக்கு விளங்கவில்லை. அவன் நின்ற இடத்தில் மட்டையைத் தொட்டுவிட்டு, இரண்டாவது ஓட்டத்துக்குத் திரும்பினேன்.

அவர்களுடைய ஆட்கள் முழுப்பேரும் திடலுக்குள் பாய்ந்து வந்தார்கள். எங்கள் ஆட்களும் வந்தார்கள். அந்த விளையாட்டில் மட்டையோடு எறிபவனிடம் ஓடினால் மண்டையை உடைக்கப் போகிறான் என்று அர்த்தமாம். அது பிறகுதான் தெரிந்தது.

"கீழ போடடா மட்டையை!" என்று அண்ணை ஓடிவந்தார்.

"ரெண்டு ஓடீற்றன் அண்ணை!"

நடுவர் எனக்கு அவுட் கொடுத்தார். தூரத்தில் நின்றுதான் கொடுத்தார். தோற்றுப்போனோம்.

திங்கட்கிழமை பில் கூப்பிட்டார். கோட்டையும் சாப்பாட்டுப் பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். எப்படியும் வீட்டுக்குத்தானே அனுப்பப் போகிறார். மொழிபெயர்க்க அண்ணையும் வந்தார். பில் என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்.

"என்னவாம் அண்ணை?"

"கேற்றில சாமான் களவு போகுதாம். காவலுக்கு ஒருத்தருக்கும் பயப்படாத ஆள் வேணுமாம்."

"அதுக்கு என்னை ஏன் கூப்பிட்டவர்?"

"உன்னைத்தான் போடுறாராம். நிரந்தரமா." அண்ணை உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். "ஒண்டும் பேசாத. முகத்தை இப்பிடியே வைச்சிரு."

பயத்தில் விறைத்திருந்த முகம். அப்படியே வைத்திருந்தேன்.

அடுத்த வருடம் மனைவி வந்து சேர்ந்தாள். விமான நிலையத்திலிருந்து வரும் காருக்குள்ளேயே அண்ணை அவளுக்கு எல்லாவற்றையும் நடித்துக் காட்டிவிட்டார்.

இன்றைக்கும் யாராவது கதவைப் பலமாகத் தட்டினால் அவள் கதிரையை விட்டு எழும்ப மாட்டாள்.

"இஞ்சருங்கோ, பில்லின்ர வீரன், போய்ப் பாருங்கோ. மட்டை கொண்டு போறியளோ?"

பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் போவேன். கதவுச் சங்கிலியைக் கழற்றாமல்தான் திறப்பேன்.