நானே போட்ட உத்தரவு

அதிகாரம் கைக்கு வந்த முதல் மாதம் மனிதனுடைய மூளை விடுப்பில் போய்விடும். என்னுடையது சொல்லாமல்கூடப் போயிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு சின்ன சப்-ஜெயிலுக்கு அதிகாரியானேன். வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று கல்பாத்தியில் என் வருங்கால மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார். வார்டர் மாரப்பனோ, டீ குடிக்கப் போகும்போது சாவிக்கொத்தைக் கைதியிடமே கொடுத்துவிட்டுப் போவார். (அந்தக் கைதியும் பத்திரமாக வைத்திருப்பான்!) நான் கொதித்துப்போய் உத்தரவு போட்டேன்: "திறந்த கதவைப் பார்த்தால் உடனே பூட்டணும். நான் வெளியே நின்னு சொன்னாத்தான் திறக்கணும். உள்ளேயிருந்து எவன் சொன்னாலும் நம்பக்கூடாது. மீறினால் வேலை போகும்!"

மேலதிகாரி சோதனைக்கு வரும் நாள். ஒட்டடை இருக்கிறதா என்று ஒரு கைதி அறைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் 'க்ளக்'.

"மாரப்பா! நான்தான்யா, திற!"

"வெளிய நின்னு சொல்லோணுமுங்க."

"உள்ளே இருக்கேனே, எப்படிய்யா வெளியே நின்னு சொல்றது?"

"அது எனக்குத் தெரியாதுங்க. புள்ளகுட்டிக்காரனுங்க நான், வேலை போயிருமுங்க. டீ வேணா தர்றனுங்க, அதுக்குத் தடை இல்லீங்க."

கம்பி வழியாக டீ வந்தது. கோழி திருடிவிட்டு உள்ளே வந்திருந்தவன் நகர்ந்து இடம் கொடுத்தான். "உக்காருங்க சாமி. மொத நாளு இப்படித்தானுங்க இருக்கும்."

ஐயோ, கல்யாணம் போச்சே! கண்ணில் நீரே வந்துவிட்டது. வாசலில் கார் சத்தம்.

"எங்கேய்யா உங்க அதிகாரி?"

"உள்ள இருக்காருங்க."

வந்து பார்த்த மேலதிகாரி திறக்கச் சொன்னார். "உங்களுக்கும் உத்தரவு இல்லீங்களே" என்று மாரப்பன் கைகட்டி நின்றார். மேலதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "இவருக்கு மேல நான். இவர் உத்தரவு ரத்து!" என்ற பிறகுதான் பூட்டு திறந்தது. டீ டம்ளரோடு வெளியே வந்து சல்யூட் அடித்தேன்.

"ஸ்டாஃபை இவ்வளவு கட்டுப்பாடா வெச்சிருக்கற ஆளை நான் பார்த்ததே இல்லை" என்று சிரித்துக்கொண்டே வேலையை நிரந்தரமாக்கிவிட்டுப் போனார். மாரப்பனை நான் என்ன செய்வது? கல்யாணத்துக்குத்தான் அழைத்தேன்.

அவரும் வந்தார். பெரிய பித்தளைப் பூட்டு ஒன்றைப் பரிசளித்து, நடந்ததையெல்லாம் மணப்பெண்ணிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டுப் போனார், படுபாவி. அன்றிலிருந்து நான் வீட்டில் எந்த உத்தரவு போட்டாலும் என் மனைவி வாசலைக் காட்டுகிறாள்:

"வெளியில நின்னு சொல்லுங்கோ."