உடனிருப்பவர் பெயர்

படப்பை பேறுகாலத் துணை மையத்துக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். வரிசை மாறினால், பின்னால் வந்தவர்களுக்குச் சேர வேண்டிய பெருமை முன்னால் இருந்தவர்களுக்குப் போய்விடும்.

முதலாம் தலைவர், கர்ப்பிணிகள் படுத்து இளைப்பாற இருந்த அறையை வரவேற்பறை ஆக்கினார். இரண்டாம் தலைவர், வரவேற்பறை அழுக்காகாமல் இருக்க வாசலில் கயிறு கட்டினார். மூன்றாம் தலைவர், அந்தக் கயிற்றை அவிழ்க்க ஒரு விழா எடுத்து, விழா முடிந்ததும் திரும்பக் கட்டினார். ஆலோசனைக் குழு உறுப்பினன் என்ற முறையில் மூன்று முறையும் வன்மையாகக் கண்டித்தேன். முப்பது ஆண்டுகள் ஆலை வாசல்களில் கொடி பிடித்தவனின் கண்டனம். கோப்பில் பத்திரமாக இருக்கிறது. எலிகூட இதுவரை தொடவில்லை.

நான்காவதாக வந்தவர் ஸுப்ரஜா. ஒரகடம் ஆலைகளில் 'மகிழ்ச்சியாக ஓ.டி. பார்ப்பது எப்படி' என்று பயிற்சி நடத்திப் பேர் வாங்கியவர். மையத்தின் வேலை சின்னது. தெற்கேயிருந்து பிழைக்க வந்த பெண்ணுக்குப் பிரசவ நேரத்தில் பெற்றவள் பக்கத்தில் இருக்க மாட்டாள். ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு பெண்ணை அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். இதைக் கேட்டு மேடம் கண் கலங்கி இரண்டு சுற்றறிக்கை விட்டார்.

ஒன்று: 'வலி' எதிர்மறைச் சொல், இனி 'அலை' என்றே வழங்கப்படும். இரண்டு: எல்லாப் பிரசவங்களிலும் தலைவர் மனத்தளவில் உடனிருப்பதால், படிவத்தில் 'உடனிருப்பவர் பெயர்' என்ற இடத்தில் அவர் பெயரே அச்சிடப்படும்.

"அப்ப நேர்ல போய் நிக்கிற நான் யாரு மேடம்?" என்றாள் எழிலரசி. இருநூறு பிரசவங்களில் கூட நின்றவள்.

"நீங்க ஒரு கருவி, எழில். கருவிக்குப் பேர் எதுக்கு?"

"கம்பெனில ஸ்பேனருக்கே நம்பர் போட்டு வெச்சிக்கிறான், மேடம்."

நான் நான்காவது கண்டனத்தை எழுதத் தொடங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு போன் வந்தது. மையத்தில் பதிவேடு பார்க்கும் மெர்சி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மாரிசெல்வம் என்று ஒருவர், ஆலையில் வேலை லைனில் நின்றபடியே பேசினார்.

"மேடம், எம் பொண்டாட்டி முத்துச்செல்விக்கு வலி எடுத்திட்டு. ரூம்ல தனியா கெடக்கா. சூப்பர்வைசர் விட மாட்டங்காரு."

"அப்படிச் சொல்லக் கூடாதுங்க. அலை வந்திருக்குன்னு சொன்னாத்தான் பதிய முடியும்."

"அலையா? அதுக்கு நான் திருச்செந்தூருக்குல்லா போணும்? நாங்க ஒரகடத்துல இருக்கோம், மேடம்!"

"படிவத்துல வலிக்கு இடமே இல்லீங்க…"

"இன்னாடி மெர்சி, அங்க பொண்ணு தனியா துடிச்சிக்கினு கீது, நீ கடலைப் பத்திப் பேசிக்கினு கீற!" படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு எழிலரசி ஆட்டோவில் ஏறினாள். சாட்சிக்கு ஆள் வேண்டுமே என்று நானும் ஏறினேன்.

ரூமிலிருந்து நாங்கள் ஏற்றி வந்த முத்துச்செல்வியை ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனார்கள். கூட ஒருவருக்குத்தான் அனுமதி. நர்ஸ் படிவத்தைப் பார்த்தார்.

"ஸுப்ரஜா யாரு? பேர் இருக்கிறவங்க மட்டும் வாங்க."

பெயரை மாற்றத் தலைவர் ஒப்புதல் வேண்டும். செவ்வாய்க்கிழமை அவருக்கு மௌன விரதம். போன் போட்டோம், எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஓர் அலைப் படம் மட்டும் வந்தது.

உள்ளேயிருந்து, "எம்மா… யாராச்சும் வாங்களேன்!" என்று குரல் கேட்டது. கண்டனத்தைப் பதிவு செய்ய நான் வாயைத் திறந்தேன்.

"தோழரே, கம்முனு இரு," என்ற எழிலரசி நர்ஸிடம் திரும்பினாள். "நான்தான் சிஸ்டர் ஸுப்ரஜா."

"இவங்கதான் அவங்கன்னு யாராவது கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். ஆட்சேபணைக் குறிப்பு இல்லாமல் நான் போட்ட முதல் கையெழுத்து அது.

நான்கு மணி நேரம் நர்ஸ் அவளை அந்தப் பெயராலேயே கூப்பிட்டார். நான்கு மணி நேரம் முத்துச்செல்வி அந்தக் கையை விடவில்லை. பெண் குழந்தை. ஆள்மாறாட்டம் வெளியே தெரிந்தால் மையத்துப் பெண்கள் யாரையும் இனி பிரசவ அறைக்குள் விட மாட்டார்கள். ஆகவே எழிலரசி, நான், அறிக்கை எழுதும் மெர்சி மூவரும் வாயைக் கட்டிக்கொண்டோம். அந்த மாத அறிக்கையில், தலைவர் நேரில் உடனிருந்த பிரசவங்கள் ஒன்று என்று ஏறியது. மேடம் அதை மறுக்கவில்லை.

முப்பதாம் நாள், வல்லக்கோட்டை முருகன் கோயில் மண்டபத்தில் பெயர் சூட்டினார்கள். மேடம் போட்டோக்காரரோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். முத்துச்செல்வி அவரைத் தாண்டிப்போய், கடைசியில் நின்ற எழிலரசியின் கையில் குழந்தையைக் கொடுத்தாள்.

"எங்கைய விடாம பிடிச்சிருந்தவுக பேருதான் வைக்கணும்னு அன்னைக்கே சொல்லிட்டேங்க்கா."

எழிலரசி என்னைப் பார்த்தாள். நான் மெர்சியைப் பார்த்தேன். மெர்சி கோபுரத்தைப் பார்த்தாள். மேடம் அடக்கத்தோடு தலை குனிந்தார்.

மாரிசெல்வம் தாளைப் பிரித்து, சாட்சிக்கு வந்த எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி உரக்க வாசித்தார்:

"ஸுப்ரஜா."