நைட்டிக்குள் மண்வெட்டிக்காரன்

இனிமேல் கார்டுக்கு ஒரு பைசா செலவில்லை என்று ஜெயபாண்டி அறிவித்தபோது, அவன் மனைவி முனீஸ்வரி விற்பனைக்கான நைட்டிக்குக் கழுத்து தைத்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இப்படி எத்தனை சத்தியத்தைக் கேட்டிருப்பாள்!

ராஜபாளையத்து மில்லில் சூப்பர்வைசர் ஜெயபாண்டி. நாற்பத்தோரு வயசு. பித்தெல்லாம் 'வேங்கைப் படை' என்கிற கார்டு விளையாட்டு மேல்தான். ஒட்டின பாக்கெட்டில் பத்துக் கார்டு வரும். ஒன்பது சாதா, தப்பித்தவறி ஒரு தங்கக் கார்டு. அந்தத் தங்கத்தைத் தேடித் தேடியே, துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் வாங்க முனீஸ்வரி கேட்டுவைத்திருந்த தீபாவளி போனஸை முழுசாகக் கரைத்துவிட்டான், பாவி மனுஷன்.

"புது ஆட்டமுறை வந்திருக்கு முனீஸ். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஞாயித்துக்கிழமை ஆடுறோம்ல, அங்க இனி சாதா கார்டு மட்டுந்தான். தங்கம் செல்லாது."

"அப்ப என் மிஷினைத் தின்ன தங்கம்?"

"அது கெடக்கட்டும்."

"சாதாவுல எது உசத்தி?"

"மண்வெட்டிக்காரன். நாலு இருந்தாப் போதும். ரெண்டு ரூவாதான்."

"ம்" என்றாள். மிஷின் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில், செல்போன் கடை மாடியில் ஆட்டம் நடத்தும் ஜோயல் உதட்டைப் பிதுக்கினான். "மண்வெட்டிக்காரனா? போன வாரம் ரெண்டு ரூவா. இப்ப அறுநூறு. அதும் ஸ்டாக் இல்லண்ணே. எல்லாருக்கும் அதான வேணும்?"

திரும்பும் பஸ்ஸில் ஜெயபாண்டிக்கு யோசனை ஓடியது. ஏழைபாழை ஆடத்தானே இந்த முறை வந்தது? ஊரே எதைத் தேடுதோ அதுதானே தங்கம், மேலே ஜிகினா இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? செலவு எங்கேயும் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. மறுநிமிஷமே துள்ளினான். குப்பை என்று அவன் வீசிய சாதாக் கார்டு வீடெல்லாம் கிடந்ததே!

"முனீஸ், அந்தச் சாதாக் கார்டெல்லாம் எங்க?"

"நைட்டிக்குள்ள."

"என்னது?"

"மடிப்பு நிக்க வேணாமா? நைட்டி பாக்கெட்டுக்கு ஒரு கார்டு நடுவுல வச்சு ஒட்டிட்டேன். பாதி சோழபுரம், செட்டியார்பட்டின்னு வித்துப் போச்சு. முப்பத்தாறு இருக்கு."

"எல்லாத்தையும் பிரிடி!"

"பிரிச்ச பாக்கெட்டை எவ வாங்குவா? முந்நூத்தம்பது வச்சிட்டு நீங்களே பிரிங்க."

அறுநூறு எங்கே, முந்நூற்றைம்பது எங்கே! நைட்டி வேறு சும்மா வருதே! அவன் கணக்கு அப்படி. முதல் பாக்கெட்டைப் பிரித்தான். உள்ளே மண்வெட்டிக்காரன்.

"பாத்தியா என் ராசிய!"

அப்புறம் எருமை. அப்புறம் கிணறு. மறுபடி எருமை. கைக்காசு தீர்ந்தது. தங்கக் கார்டையெல்லாம் ஜோயலிடம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்தான். பதினைந்தாவதில் ஒன்று கிடைத்தது. இருபத்தெட்டாவதில் ஒன்று. இன்னும் ஒன்றே ஒன்றுதானே என்ற நினைப்பு மனுஷனைப் படுத்தி எடுத்துவிட்டது. நாலாவது, முப்பத்தாறாவது பாக்கெட்டில் இருந்தது.

அடுத்த வாரம் ஓவர்லாக் மிஷின் வந்து இறங்கியது. முனீஸ்வரி அதற்குச் சந்தனம் வைத்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தைப் பார்த்து எத்தனை நாளாச்சு என்று அவனுக்கே வெட்கமாகப் போயிற்று. விரித்துப்போட்ட முப்பத்தாறு நைட்டிக்கு நடுவே உட்கார்ந்திருந்தவனுக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"ஏட்டி, மொதப் பாக்கெட்டுல ஒண்ணு, கடைசிப் பாக்கெட்டுல ஒண்ணு. அதெப்படி அம்புட்டுச் சரியா அமைஞ்சிச்சு?"

நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே முனீஸ்வரி சொன்னாள்: "எட்டு வருசமா நீங்க பாக்கெட் பிரிக்கிறதப் பக்கத்துல இருந்து பாக்கேன்லங்க."