இரண்டாவது படத்தில் உரசிய தீக்குச்சி

சிவகாசி,
திங்கட்கிழமை.

பெருமதிப்பிற்குரிய அத்தான் சங்கரபாண்டியன் அவர்களுக்கு, மைத்துனன் ராஜபாண்டியன் வணங்கி எழுதுவது. இவ்விடம் அனைவரும் உடலளவில் நலம். தாங்கள் நாக்பூர் பட்டாசு டிப்போவில் நலமாக இருக்கவும், இக்கடிதத்தை உட்கார்ந்த பிறகே படிக்கவும் வேண்டுகிறேன்.

தாங்கள் எனக்கு இட்ட பணி ஒன்றே. தங்கள் மகள் பிரீத்திகா எடுத்த குறும்படம் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. அப்படிப் பரிந்துரை பெற்ற ஐந்து படங்களையும் ஒரே காட்சியாக ஊர் ஊராகத் திரையரங்குகளில் காட்டுகிறார்கள். பொம்மைப் படங்கள் அல்ல, ஆட்கள் நடித்தவை. நம் ஊர்க் காட்சியை நான் நேரில் பார்த்து, படம் தேறும் என்று எழுதினால் பிள்ளை இத்துறையில் தொடரலாம்; தேறாது என்றால் சித்திரை முதல் தங்கள் அச்சகத்தில் கணக்குப் பார்க்க உட்காரவேண்டும். கதை என்ன என்று அவளிடம் கேட்டேன். "பாத்துத் தெரிஞ்சிக்கிடுங்க மாமா" என்றதோடு சரி.

அரங்கு காலியாகக் கிடந்தால் பிள்ளையின் மனம் நொந்துவிடும் என்று, நம் பட்டாசுக் கம்பெனி ஆட்களை ஞாயிறன்று பிரீத்திகாவோடு கம்பெனிப் பேருந்திலேயே அழைத்துச் சென்றேன். முன்னெச்சரிக்கைகளில் குறை வைக்கவில்லை. ஆலை வாசலில் செய்வது போலவே அரங்கு வாசலிலும் அனைவரிடமும் கைபேசியை வாங்கிக் கூடையில் வைத்தேன். தீப்பெட்டி, பீடி உண்டா என்று சோதித்தேன். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டார்கள். அரங்கு மேலாளர் பெத்தணன், "அண்ணாச்சி, இது கோயில் இல்ல, கொட்டகை" என்றார். பழக்கம் நல்லதுதானே என்றேன்.

அச்சிட்டுக் கொடுத்த நிரல்படி முதலாவது பிரெஞ்சுப் படம், இரண்டாவது ஐஸ்லாந்துப் படம், மூன்றாவது நம்முடையது. முதல் படம் கெடுதல் இல்லாமல் முடிந்தது. இரண்டாவதில் பெயரும் போடவில்லை, பேச்சும் இல்லை. இருட்டறை. ஒரு பெண்ணின் கை தீக்குச்சியை உரசுகிறது, அணைகிறது. மறுபடி உரசுகிறது, அணைகிறது. அடுத்த குச்சியின் வெளிச்சம் சற்றே பரவியபோது, அவளுக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருப்பது தெரிந்தது. அத்தான், என்னை அறியாமல் என் கை சட்டைப்பைக்குள் போயிற்று. ஆபத்தென்றால் எல்லாரையும் வெளியேற்ற ஊதும் ஆலை விசிலை ஊதிவிட்டேன். யாரோ ரசித்து விசிலடிக்கிறார்கள் என்று எண்ணிய ஆபரேட்டர் சத்தத்தைக் கூட்டிவைத்தார். அடுத்த குச்சி எங்கள் காதுக்குள்ளேயே உரசியது போலிருந்தது.

அதன்பின் நடந்ததை நான் நடத்தியதாகச் சொல்ல முடியாது. நம் ஆட்கள் சத்தமே போடாமல் எழுந்து, பக்கத்து வாசல் வழியே வெளியேறிவிட்டார்கள். டிக்கெட் எடுத்து வந்திருந்த ஊர்க்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள். நம் ஊரில் எழுந்து ஓடுகிறவரிடம் காரணம் கேட்டுக்கொண்டு நிற்பவர் கிடையாது. வாசலில் குனிந்த ஒருவனை நம் ஆலை முத்துப்பாண்டி, "ஏலே, செருப்பு கெடக்கட்டும்லே, வா" என்று இழுத்துவந்தான். பெத்தணன் ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, அது படம். தெரையிலதான் எரியிது."

"எங்கே எரிகிறது என்பதை வெளியே நின்று விசாரிப்போம்" என்றேன்.

நம் முருகம்மாள், "படம்னாலும் குச்சி நெசக் குச்சிதான சார்? பின்னால அம்புட்டுப் பெட்டி வச்சிக்கிட்டு உரசுறா, கூறுகெட்டவ" என்றாள். உடனே வேப்பமரத்தடியில் தலையெண்ணினாள். "சார், நம்ம பாப்பாவக் காணல."

விதியை மீறி நானே உள்ளே ஓடினேன். ஒருவருமற்ற அரங்கில் முன்வரிசையில் பிரீத்திகா தனியாக உட்கார்ந்திருந்தாள். திரையில் பனி பெய்துகொண்டிருந்தது. ஐஸ்லாந்துப் படமேதான் என்பது உறுதியாயிற்று. தீயையும் காட்டிவிட்டுப் பனியையும் காட்டுகிறார்கள். "வாங்க மாமா, வீட்டுக்குப் போவோம்" என்றாள். வெளியேறிய கட்டடத்துக்குள் அன்றைக்கே திரும்புவது நம் ஆட்களுக்கு வழக்கமில்லை ஆகையால், காட்சி அதோடு நின்றது. அவள் படத்தை ஒருவரும் பார்க்கவில்லை. ராத்திரி சாப்பிடவும் இல்லை.

பார்க்காத படத்தைத் தேறும் என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே என் பரிந்துரை: பிள்ளை அச்சகத்துக்கே வரட்டும். அந்த இரண்டாவது படத்தை எடுத்தவரைப் போன்ற பொறுப்பற்றவர்கள் நடமாடும் துறையில் நம் வீட்டுப் பெண் நிற்கவேண்டாம். அப்படத்தைப் போட்டியிலிருந்து நீக்கவேண்டும் என்று விருதுக்குழுவுக்கு விரைவு அஞ்சலில் புகாரும் அனுப்பிவிட்டேன்.

கற்பகம் அக்காளுக்கு என் வணக்கம். சீசன் ஆர்டர்கள் குறைவின்றி வரவும், லோடுகள் நனையாமல் வந்துசேரவும் பத்திரகாளியம்மன் துணையிருப்பாள்.

தங்கள் அன்புள்ள மைத்துனன்,
ராஜபாண்டியன்

பி.கு.: கையொப்பமிட்ட தாளில் அடித்தல் திருத்தல் கூடாது என்பதால் இதைக் கீழே எழுதுகிறேன். விட்டுவந்த செருப்புகளைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு பெத்தணன் இப்போதுதான் வந்துபோனார். "ஐஸ்லாந்துப் படம் ஓப்பன் ஆக லேட்டாச்சு அண்ணாச்சி. அதான் பாப்பா படத்த முன்னால போட்டோம். பேரு கடைசியிலதான் வரும், அதுக்குள்ள நீங்க ஊதிட்டீக. நீங்க திரும்பி உள்ள வந்தப்பதான் ஐஸ்லாந்துப் பனி ஓடுச்சு" என்கிறார். ஏன் சொல்லவில்லை என்று பிள்ளையைக் கேட்டேன். "நீங்க ஏற்கெனவே பயந்துபோயி இருந்தீக மாமா" என்கிறாள்.

மேலே கண்ட அனைத்தும் ரத்து. புகாரைத் திரும்பப் பெறுவதாக விருதுக்குழுவுக்கு இன்னொரு விரைவு அஞ்சல் போகிறது. இத்தனை வருடத்தில் பொய்யான தீ எதுவும் என்னை எழுப்பி ஓடவிட்டதில்லை அத்தான். பிள்ள படிச்ச வேலையே பாக்கட்டும், விட்ருங்க. காலையிலிருந்து ஆலையில் ஒருவரும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. "கடேசிக் குச்சி பத்துச்சா இல்லையா சார், அவ என்ன ஆனா?" என்று முருகம்மாள் ஷெட்டுக்கு ஷெட்டு கேட்கவைத்துவிட்டாள். எனக்கும் தெரியவேண்டும். புதன்கிழமைக் காட்சிக்கு மறுபடியும் பேருந்து எடுக்கிறோம். விசிலைப் பிரீத்திகா வாங்கி வைத்துக்கொண்டாள்.