சாம்பல் நிற மாப்பிள்ளை கார்

செஞ்சியில் அசையாமல் நிற்கும் எதற்கும் ஒரு கோட் பிரைமர் அடித்துவிடக்கூடியவர் பிரைமர் நைனா. ராஜகிரிக் கோட்டை இன்னும் தப்பித்திருப்பது, அத்தனை படி ஏற அவருடைய மூட்டு ஒத்துழைக்காததால்தான்.

திருவண்ணாமலை சாலையில் ஒரு தகரக் கொட்டகையில் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பது அவர் தொழில். பலகை அப்படித்தான் சொல்லும். ஆனால் அவர் கலர் அடித்து அதிகம் பேர் பார்த்ததில்லை. தேய்ப்பார், பட்டி பார்ப்பார், பிரைமர் அடிப்பார், அதற்கு மேல் சீலர் என்று இன்னொரு பூச்சு அடிப்பார். பிறகு தள்ளி நின்று, பெண் பார்க்கப் போன பையன் மாதிரி காரைப் பார்த்து வெட்கப்படுவார். கலர் என்பது ஊர் வாயை அடைக்க அடிப்பது என்பது அவர் கட்சி.

அவர் வீடு கிரகப்பிரவேசத்தன்று இருந்த பிரைமரின் சாம்பல் நிறத்திலேயே இன்றும் இருக்கிறது. பீரோ, கட்டில், மொபெட் எல்லாம் அதே சாம்பல்.

"உங்க வீட்டுக்குள்ள வந்தா பிளாக் அண்ட் ஒயிட் படத்துல பூந்த மாதிரி இருக்குது நைனா" என்றேன் ஒருமுறை.

"பாட்டுதான் இல்ல சார்" என்றார் அவர் மனைவி, சமையலறையிலிருந்து.

இப்படிப்பட்டவரிடம் நான் போய் மாட்டியது என் மகள் கல்யாணத்தின்போது. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் எங்கள் காரிலேயே என்று என் மனைவி சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டாள். வெள்ளைக் கார் என்றும் சொல்லியிருக்கிறாள். நான் பழசாக வாங்கிய அந்தக் கார் அப்போது சிவப்பு. இம்மாதிரி சில்லறை விவரங்கள் என் மனைவியை என்றுமே தடுத்ததில்லை.

நைனா பானட்டில் காதை வைத்து, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

"சேப்பு சார். ரொம்ப முரட்டு சேப்பு."

"அப்படின்னா?"

"மேல வெள்ளைய அடிச்சா கம்முனு கெடக்காது. அடியிலர்ந்து ஊறி மேல வந்துடும். முகூர்த்தத்துக்கு வெள்ளக் கார்ல கெளம்புவீங்க, மறுவீட்டுக்கு ரோஸ் கார்ல போவீங்க. நடுவுல சீலர் அடிச்சு அது வாயக் கட்டணும்."

நிறையப் படித்தவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ஆகவே புரிந்ததுபோல் தலையாட்டினேன்.

அவர் சீலர் அடித்து முடிக்கவும் மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் கலர் அடிக்கக் கூடாதாம். மழை விட்டபோது ஊர்வல நாளே விடிந்துவிட்டது. என் மனைவி நேரே கொட்டகைக்கு வந்தாள்.

"இன்னா நைனா, காரு எலி கலர்ல நிக்குது?"

"இது கலர் இல்லம்மா, சீலர்."

"மாப்பிள்ள வீட்டுக்கு நான் இன்னான்னு சொல்றது?"

"சீலர்னே சொல்லுங்க. வெவரமானவங்களா இருந்தா சந்தோசப்படுவாங்க."

பெரிய முகூர்த்தம் அது. அவலூர்பேட்டை வரைக்கும் போன் போட்டுப் பார்த்தாகிவிட்டது. வாடகைக்கு ஒரு கார் கிடைக்கவில்லை. எலி கலரே கதி. அதற்கும் நைனா நிபந்தனை வைத்தார்: ஓட்டுவது அவர்தான், வேறு ஒரு கையும் காரில் படக்கூடாது. கையில் எண்ணெய்ப் பசை இருக்குமாம், பட்ட இடத்தில் கலர் பிடிக்காதாம். பூக்காரர் கொண்டுவந்த செலோடேப்பைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ரோஜாக்களை வைப்பரில் செருகியதோடு அலங்காரம் முடிந்தது.

பிள்ளையார் கோயில் வாசலில் மாப்பிள்ளை ஒரு காலைக் காருக்குள் வைத்தார். அவருடைய அத்தை சந்தனம், குங்குமத் தட்டோடு பானட்டை நோக்கி வந்தார். நைனா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தார்.

"தொடாதீங்கம்மா! சீலர் கெட்டுடும்!"

"பொட்டு வெக்காத வண்டியில எங்க புள்ள ஏற மாட்டான். டேய், எறங்குடா!"

மாப்பிள்ளை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஒற்றைக் காலில் நின்றார். மேளம் நின்றது. என் மனைவி என்னைப் பார்த்தாள். நெருக்கடி நேரத்தில் நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன்: மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

அப்போது போன் அடித்தது. மண்டபத்திலிருந்து மகள். என் போனில் ஸ்பீக்கரை அணைப்பது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அப்பா, மேளம் ஏன் நின்னுடுச்சு? எதனா சண்டையா? அவங்க திரும்பிப் போறாங்களாப்பா?" கடைசி வார்த்தை அழுகையாக வந்தது. தெருவே கேட்டது.

நைனா போனைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பிறகு அத்தை முன்னால் போய்க் குனிந்து நெற்றியை நீட்டினார்.

"எனக்கு வைங்கம்மா. இந்த வண்டி வேற, நான் வேற இல்ல."

அத்தை கொஞ்சம் யோசித்தார். சாஸ்திரத்தில் தடை ஒன்றும் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. நெற்றியில் பெரிதாக ஒன்று வைத்தார். ஹெட்லைட்டுக்குக் கன்னத்தில் இரண்டு. நம்பர் பிளேட்டுக்கு மோவாயில் ஒன்று.

"பின்னாலயும் வெக்கணுமே?"

நைனா திரும்பிப் பிடரியைக் காட்டினார்.

"எலுமிச்சம்பழம்?"

செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் ஒரே மிதி. சாறு என் பட்டு வேட்டிவரை தெறித்தது. அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஏறுடா" என்றார். மேளம் மறுபடி ஆரம்பித்தது.

மறுவாரமே கார் வெள்ளையானது. இன்றும் வெள்ளைதான். போட்டோக்காரருக்குத்தான் அன்றைய கோபம் இன்னும் தீரவில்லை. யாரும் பானட்டில் சாய்ந்துவிடாமல் இருக்க நைனா கையை விரித்துக் காவல் நின்றதால், ஒரு படம் விடாமல் எல்லாவற்றிலும் இருக்கிறார்.

மகள் வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கும் படத்தில் மாப்பிள்ளை பாதிதான் தெரிகிறார். முகம் நிறையப் பொட்டோடு நைனா முழுசாகத் தெரிகிறார். "வேற நல்ல படமா மாத்திடலாமேம்மா" என்றேன்.

"இதவிட நல்ல படம் எங்கப்பா இருக்குது?" என்றாள்.