மேற்பார்வையாளர் இழைத்த பெட்டி

டாக்டர் அவரை இளைக்கச் சொன்னார். அவர் இழைக்க ஆரம்பித்தார்.

லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளர் அவர். படியேறியே பழக்கமில்லாததால் வயிறு மட்டும் மாடி மாடியாக ஏறியிருந்தது. இனிப்பைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறுவதற்குள் மனைவியின் காதில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் க்ரீம் பிஸ்கட்டுக்குத் தடை. ஷூவுக்குள் ஒளித்தார், ஷூவுக்குப் பாலிஷ் போட்டாள். தலையணை உறைக்குள் ஒளித்தார். உறை துவைக்கப் போனது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. பிஸ்கட் மட்டும் இல்லை.

இனி ஒளிக்கவே போவதில்லை, அவள் கண் முன்னாலேயே வைப்பேன், ஆனால் அவளால் திறக்க முடியாது என்று மனசுக்குள் சபதம் எடுத்தார்.

"மரவேலை கத்துக்கப் போறேன்."

"எதுக்குங்க?"

"உடம்பு இளைக்குமாம். மூடி போட்ட சின்னப் பெட்டி ஒண்ணு செய்யறேன். ஆபீஸ் சாவியெல்லாம் போட்டு வைக்கலாம்."

"சாவிக்கு எதுக்கு மூடி?"

"தூசி படக் கூடாதில்ல."

"சாவி மேல இவ்வளவு பாசமா? சரி, பால்கனியில செய்யுங்க. மரத்தூள் உள்ள வந்தா நீங்கதான் பெருக்கணும்."

ரம்பமும் இழைப்புளியும் எதிர் வீட்டுப் பல் டாக்டர் இரவல் கொடுத்தார். ஓய்வு நேரத்தில் மரமறுப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. முதல் பெட்டியின் நாலு மூலையும் பல்லை இளித்தபோது அவரே வந்து பார்த்தார்.

"கோடு போட்டீங்களா சார்?"

"போட்டேன். கோட்டு மேலயே அறுத்தேன்."

"அங்கதான் தப்பு. ரம்பமும் கொஞ்சம் மரத்தைத் தின்னும். கோட்டை விட்டுத்தான் அறுக்கணும்."

"அதான் கோட்டை விட்டுட்டேனே."

ஏறுமாறான விளிம்புகளைச் சமப்படுத்தப் பார்த்தார். இந்தப் பக்கம் தாழ்ந்தது என்று அந்தப் பக்கத்தை இழைத்தார். அந்தப் பக்கம் தாழ்ந்ததும் இந்தப் பக்கத்தை இழைத்தார். இழைக்க இழைக்கப் பெட்டிதான் இளைத்தது. ஷூ டப்பா அளவில் பிறந்து, சோப்பு டப்பா அளவில் உயிரை விட்டது.

மனிதர் அசரவில்லை. அடுத்த பலகையில் கோட்டுக்கு வெளியே அறுத்தார். மூலைமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து ஒட்டினார். பக்கச் சுவர்களில் உளியால் காடி என்கிற நீளப் பள்ளம் வெட்டி, மூடி அதில் வழுக்கி வந்து மூடும்படி செய்தார். மூடிக்கடியில்தான் ரகசியம். அங்கே ஒரு சின்ன மர ஆணி மூடியைப் பிடித்து நிறுத்தும். பெட்டியை இடப்பக்கம் சாய்த்தால் ஆணி நழுவி விலகும். சாய்க்காதவர்களுக்கு மூடி அசையாது.

பிஸ்கட்டை அடுக்கி மூடி, டிவிக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

"அழகா இருக்கே" என்றாள் மனைவி. மூடியைத் தள்ளினாள். இழுத்தாள். நகத்தால் நெம்பினாள். "என்னங்க இது, திறக்கவே மாட்டேங்குது."

"திறக்காது. செஞ்சவன் கைக்குத்தான் திறக்கும்."

"எனக்கு இதெல்லாம் வராதுங்க. நீங்க பெரிய ஆளுதான்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அன்று கடைக்குப் போய்த் திரும்பும்போது அவர் படியேறியே வந்தார். பல் டாக்டர் வீட்டு மணியை அடித்து விஷயத்தைச் சொன்னார். லிஃப்டில் வந்தவர்களிடமும் சொன்னார். மறுநாள் ஆபீஸில் உளியே பிடிக்காதவர்களுக்குக் காடி வெட்டும் விதத்தை விளக்கினார். கேட்டவர்கள் கொட்டாவி விட்டதை வியப்பு என்றே எடுத்துக்கொண்டார்.

மாலையில் வீடு திரும்பினார். மனைவி சமையலறையில் இருந்தாள். பெட்டியை மடியில் வைத்து இடப்பக்கம் சாய்த்தார். ஆணி மெல்ல நழுவியது. விரல் வைத்ததுதான் தாமதம், மூடி வழுக்கிக்கொண்டு வந்தது. நேற்று இத்தனை சுகமாக வரவில்லை. ஒரே நாளில் மரம் தன் கைக்குப் பழகிவிட்டதே என்று அவருக்கு நெஞ்சு விம்மியது.

உள்ளே கேரட் துண்டுகள். ஒரே அளவாக நறுக்கி, வரிசையாக அடுக்கியிருந்தது.

"என்னங்க," சமையலறையிலிருந்து குரல் வந்தது. "மூடி கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. மெழுகு தேய்ச்சு வச்சிருக்கேன்."